பார்வைக்கு மட்டும் ஒரு சன்னல்

காலையில் பால் தூக்கோடு கிளம்பும் முதல் வீட்டம்மா, பால் வாங்கப் போவதற்கு முன்னால் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத்து ஜெராக்ஸ் கடைப் படியில் ஏறி நிற்கும். கடை அப்போது திறந்திருக்காது. அங்கிருந்து எங்கள் ஏழு வீடுகளையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒருமுறை, அந்த முனையிலிருந்து இந்த முனை வரை ஒருமுறை பார்க்கும். தோட்டத்துக்காரன் மாந்தோப்பைப் பார்த்தால் பூச்சி விழுந்திருக்கிறதா, பிஞ்சு நிற்கிறதா என்று பார்ப்பான், அதில் ஒரு பொருள் உண்டு. இந்தம்மா பார்த்தது இடது பக்கம் இருப்பது வலது பக்கமும் இருக்கிறதா என்று. இருந்தால் பால் வாங்கப் போகும். இல்லாவிட்டால் அன்றைக்கு யார் வீட்டுக் கதவாவது தட்டப்படும்.

கிருஷ்ணகிரியில் கோட்டை மலை அடிவாரத்தில் துரை லைன் என்று கேட்டால் எங்கள் வரிசையைக் காட்டுவார்கள். வெள்ளைக்காரத் துரைகள் தங்களுக்குக் கட்டிக்கொண்டது. ஏழு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நெற்றி. பக்கத்துச் சுவர் பொது. மேலே ஒரே நீளக் கைப்பிடிச் சுவர், அதன் நடுவில் நாலாம் வீட்டுக்கு நேராக முக்கோணமாக ஒரு முகடு, அதற்குள் சுண்ணாம்பில் செய்த பூமாலை. வாசற்கதவுக்கு மேலே விசிறியை விரித்தாற்போல அரைவட்டக் கண்ணாடி. வீட்டுக்கு வீடு சுவரில் பாதி புதைந்த தூண் இரண்டு. அது எதையும் தாங்கவில்லை, சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த ஊர் வெயிலுக்குக் குளிர்காய அடுப்பும் புகைபோக்கியும் வேறு. துரைகளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலும்.

நடு வீட்டை விட்டால் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. ஒன்றும் ஏழும் ஜோடி, இரண்டும் ஆறும் ஜோடி, மூன்றும் ஐந்தும் ஜோடி. இது அந்தம்மா கண்டுபிடித்துச் சொன்னது. எங்கள் மாமனார் வாங்கிப்போட்ட வீடு ஆறாவது. நான் அதில் மருமகளாக வந்து, மாமியாருக்குப் பணிந்து, பிறகு நானே மாமியாராகி நிமிர்ந்தவள். அந்தம்மாவுக்கு நான் வெறும் ஆறு.

"ஏங்க ஆறு, உங்க வாசப்படியில சாக்கு கெடக்குது. ரெண்டாம் வீட்ல சாக்கு கெடையாது."

"எனக்குப் பேர் இருக்குதுங்க."

"இருக்கட்டும். சாக்கை எடுங்க மொதல்ல."

தாலுகா ஆபீசில் டைப் அடித்து ஓய்வு பெற்ற உடம்பு அது. தாளில் இரண்டு பக்கமும் ஒரே அளவு விட்டு அடித்துப் பழகிய கை, வீட்டுக்கு வந்த பிறகும் அந்த அளவை விடவில்லை என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். அவர் நல்ல மனிதர், எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பார். நான் அப்படி இல்லை. என் பார்வையில் அது திமிர்.

அந்தம்மா வாசலில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தொட்டியில் செம்பருத்தி வைத்திருந்தது. ஒரு கோடையில் இடது பக்கத்துச் செடி பட்டுப்போயிற்று. வலது பக்கத்துச் செடியில் மொட்டு ஏழோ எட்டோ நின்றது. அந்தம்மா மண்ணோடு இரண்டையும் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டது. பூத்துக்கொண்டிருந்த செடியை எதற்குப் பிடுங்கினீர்கள் என்று கேட்டேன். "ஒத்தையா நின்னா நல்லாவா இருக்கும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டது. குப்பையிலிருந்து அந்தச் செடியை எடுத்துவந்து பின்கட்டில் நட்டேன். அது ஒத்தையாக நின்று பூத்தது.

அந்தம்மாவின் வீட்டுக்காரர் போனபோது அவருடைய படத்தை மாலை போட்டுக் கூடத்தில் நிலைப்படிக்கு இடது பக்கம் மாட்டினார்கள். வலது பக்கம் சுவர் காலியாக இருந்தது. அந்தம்மாவுக்குப் பொறுக்குமா? பத்து நாளுக்குள் அதே அளவு, அதே சட்டத்தில் தன் படத்தைப் பெரிதாக்கி வலது பக்கம் மாட்டிவிட்டது. மாலை மட்டும் இல்லை. கெலமங்கலத்திலிருந்து தாமதமாகத் துக்கம் கேட்க வந்த கிழவி ஒருத்தி உள்ளே நுழைந்து இரண்டு படத்தையும் பார்த்தாள். "அய்யோ, நீயும் போயிட்டியா தாயி!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். சமையற்கட்டிலிருந்து காபியோடு வந்த அந்தம்மா, "சர்க்கரை போடலாமாங்க?" என்று கேட்டது. கிழவி எழுந்து ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். காபியை நான்தான் குடித்தேன்.

எங்கள் வாசற்படி ஓரத்தில் தரையில் ஊன்றிய ஒரு இரும்புப் பட்டை உண்டு. ஏழு வீட்டுக்கும் உண்டு. துரைமார் பூட்ஸில் ஒட்டிய சேற்றை வழித்துவிட்டு உள்ளே போவதற்கு வைத்ததாம். எனக்கு அதில் தேங்காய் உரிக்க வாகாக இருந்தது. இத்தனை வருஷம் உரித்திருக்கிறேன், துரை வந்து கேட்கவில்லை. அந்தம்மா வந்து கேட்டது.

"இது நூத்தம்பது வருசத்துக்கு மேலான சாமானுங்க. இதுல தேங்கா உரிக்கிறீங்களே?"

"சேறு வழிக்கிறதுக்குத் தேங்கா தேவலைங்க."

"அப்போ ரெண்டாம் வீட்லயும் உரிக்கச் சொல்லுங்க. ஒண்ணு தேஞ்சு ஒண்ணு தேயாம நின்னா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அந்த முகத்தில் சிரிப்பு ஒரு பக்கமாகக்கூட வராது.

பெங்களூரிலிருந்து காமிராவும் அளவு நாடாவுமாகப் படிக்கிற பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்து போன பிறகு அந்தம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த புதிதில் இங்கிலீஷ் தேசத்தில் இப்படித்தான் வரிசையாகக் கட்டுவார்களாம், இந்தப் பக்கத்தில் இப்படி ஒன்று நிற்பது அதிசயமாம். அரசாங்கப் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்று அந்தம்மா மனு அடித்து, ஏழு வீட்டிலும் கையெழுத்துக் கேட்டு வந்தது. அழகாகத்தான் அடித்திருந்தது, இரண்டு பக்கமும் ஒரே அளவு விட்டு. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், போட்டேன். எழுத்துக்கூட்டி முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லை. சில மாதம் கழித்து நாலாம் வீட்டுச் சுவரில் ஒரு பலகை மாட்டினார்கள். இனி முகப்பில் ஒரு செங்கல்லை அசைக்கக் கூடாது, ஒரு ஆணி அடிக்கக் கூடாது. அப்போதுதான் நான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

தெரிந்த வருஷத்தில்தான் எங்கள் வீட்டுக்காரர் படுத்தார். கிரானைட் பாலீஷ் போடுகிற கம்பெனியில் முப்பது வருஷம் நின்றவர். கல் தூசு நெஞ்சில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. மாடிப் படி ஏற முடியாது, பின்கட்டில் ஈரமும் அடுப்புப் புகையும். மிச்சம் இருந்தது முன்னறை ஒன்றுதான். "காத்து வர்ற எடமாப் பார்த்துப் படுக்க வைங்கம்மா. மருந்து பாதி, காத்து பாதி" என்றார் டாக்டர்.

எங்கள் முன்னறைக்குச் சன்னல் கிடையாது. ரோட்டிலிருந்து பார்த்தால் உண்டு. கல் விளிம்பு, மேலே வளைவு, சாய்வாகப் பலகைப் பட்டை அடுக்கிய பச்சைக் கதவு இரண்டு, எல்லாம் உண்டு. அந்தக் கதவுக்குப் பின்னால் சுவர். இரண்டாம் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் மட்டும் இப்படி. துரை காலத்தில் இந்த இரண்டு அறையிலும் துப்பாக்கியும் வெடிமருந்தும் வைத்திருந்தார்கள் என்பார்கள். அதனால் சன்னல் வாயைச் செங்கல்லால் அடைத்துவிட்டு, மற்ற வீட்டுக்கு ஒத்துப்போகட்டும் என்று வெளியே சன்னல் மாதிரி ஒன்றைச் செய்து ஆணி அடித்துவிட்டார்கள். வருஷா வருஷம் பொங்கலுக்கு அந்தப் பொய்ச் சன்னலுக்கு நாங்கள் பச்சை பெயிண்ட் அடித்தோம். அதன் பின்னால் இருட்டில் ஒரு மனிதர் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தார்.

மானத்தை மடித்து வைத்துவிட்டு முதல் வீட்டுக்குப் போனேன்.

"எங்க முன்னறைக்குச் சன்னல் வைக்கணுங்க. அவருக்கு மூச்சு முட்டுது. பலகை மாட்டின ஆபீசுல நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்க."

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தது. "சன்னல்தான் ஏற்கெனவே இருக்குதே."

"எங்க இருக்குது?"

"ரோட்டுல நின்னு பாருங்க, தெரியும்."

"நாங்க ரோட்லயாங்க குடியிருக்கோம்? உள்ளே இருக்கிறோம்."

"நீங்க ஒண்ணைத் தொறந்தா ரெண்டாம் வீடு என்னாகிறது? அது குருடா நிக்கும்" என்றது. ஒரு மனிதர் மூச்சு முட்டிக் கிடக்கிறார், அந்தம்மாவுக்கு ஒரு சுவர் குருடாகிவிடுமே என்று கவலை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் அந்த வீட்டுப் படியில் நின்றால் என் வாயிலிருந்து வரக்கூடாதது வந்திருக்கும்.

கொத்தனார் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பலகையைப் பார்த்ததும், கேஸ் ஆகிவிடும் என்று போய்விட்டார்கள். மகன் குடும்பத்தோடு வெளியூரில். சரி, கை எனக்கும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டுவதற்காக அந்தம்மா ஒசூர் பஸ் ஏறிய நாளில், காலை பலகாரத்தை முடித்துக்கொண்டு கடப்பாரையை எடுத்தேன். தூசு ஆகாது என்று வீட்டுக்காரரைப் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஈரத்துணியால் வாயைக் கட்டிவிட்டேன். கல்லோடு இருந்தவர் அல்லவா, அங்கிருந்தே யோசனை சொன்னார்.

"வளைவுக்கு மேல கை வைக்காதடி! அடைச்சது எதுன்னு தட்டிப் பாரு, சத்தம் மாறும்!"

"நீங்க பேசாம இருங்க, இழுக்கும்!"

"மேலயிருந்து ஒவ்வொண்ணா உருவு. ஆச்சா?"

"ஆச்சாவாம். வந்து கடப்பாரையைப் பிடிங்களேன்."

அடைப்புச் சுவர் ஒரு செங்கல் கனம்தான். சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. முதல் செங்கல் வந்ததும் மற்றவை பிடிவாதம் பிடிக்கவில்லை. மத்தியானத்துக்கு அப்புறம் கதவின் முதுகு தெரிந்தது. அந்தப் பக்கம் பெயிண்டே பார்த்ததில்லை, மரம் அப்படியே புதுசாக இருந்தது. ஆணிகளைப் பிடுங்கி, கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அது செய்யப்பட்ட நாளிலிருந்து முதல் தடவையாகத் திறந்தது.

அறையைக் கழுவித் துடைத்து, கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு அவரைக் கொண்டுவந்து சாய்த்தேன். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "யாரோ மசால் வடை போடறாங்க" என்றார். மூக்கில் வாசனை ஏறும் அளவுக்கு அவர் மூச்சிழுத்து மாசக்கணக்காகியிருந்தது.

சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கிய அந்தம்மா வீட்டுக்குப் போகவில்லை. கையில் கண் மருந்துப் பையோடு ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நான் சன்னலில் நின்றேன். மறைந்துகொள்ள நான் திருடவில்லை.

"ஏங்க ஆறு! என்னாங்க இது?"

"சன்னலுங்க."

"யாரைக் கேட்டுத் தொறந்தீங்க?"

"மூச்சு உட்றவரைக் கேட்டு."

"வர்ற வாரம் ஆபீசர் பார்க்க வர்றாருன்னு தெரியுமா தெரியாதா?"

"வரட்டும். மோர் குடுக்கிறேன்."

அந்தம்மா வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒருமுறை பார்த்தது. "இப்படி ஒரு பக்கமாக் கோணிக்கிட்டு நிக்குதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது. எழுதிப் போட்டுவிடும், அடைக்கச் சொல்லி ஆள் வரும் என்றுதான் இருந்தேன். வந்தால் சன்னலில் உட்கார்ந்துகொள்வது, என்னையும் சேர்த்து வைத்துக் கட்டிக்கொள்ளட்டும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

மறுநாள் பத்து மணி வாக்கில் பூமி அதிர்ந்தது. இரண்டாம் வீட்டில் மதுரைப் பக்கத்துச் சின்னஞ்சிறுசுகள் வாடகைக்கு இருந்தார்கள். புருஷன் போச்சம்பள்ளி கம்பெனிக்குப் போகிறவன். வீட்டு முதலாளி பெங்களூரில், பொறுப்பு முழுவதும் முதல் வீட்டம்மா கையில். அந்தப் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு என்னிடம் ஓடிவந்தாள்.

"பெரியம்மா, எங்க வீட்டுச் செவுத்த இடிக்கிறாங்க! நீங்க என்ன பெரியம்மா செஞ்சீங்க?"

போய்ப் பார்த்தேன். என் சுவரைத் தொட மறுத்துப் போன அதே கொத்தனார் இரண்டு பேர் உள்ளே இருந்து செங்கல்லை உருவிக்கொண்டிருந்தார்கள். பலகை மாட்ட வைத்த அம்மாவே கூப்பிட்டால் கேஸ் எங்கே வரும்? அந்தம்மா வெளியே நின்று, "ஆறாம் வீட்ல எவ்வளவு அகலம் இருக்குதோ அவ்வளவுதான், நூல் பிசகக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. கையில் என் சன்னலை அளந்த கயிறு. எப்போது வந்து அளந்தது என்று எனக்குத் தெரியாது.

என்னைப் பார்த்ததும், "உங்களுக்காக இல்லைங்க" என்றது.

"நான் கேக்கவே இல்லைங்களே" என்றேன்.

ஆபீசர் வந்த அன்று, இரண்டு வீட்டுச் சன்னல் கதவையும் ஒரு மணி நேரம் சாத்தி வைக்கச் சொல்லி அந்தம்மாவின் உத்தரவு. அவர் ஒரு பழைய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்று, போட்டோவைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், தாளில் டிக் அடித்துக்கொண்டே வந்தார். ஏழு கதவு, ஏழு அரைவட்டக் கண்ணாடி, ஏழு சன்னல். எல்லாம் சரி. வீட்டுக்குள் வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அப்படியே வெச்சிருக்கீங்கம்மா" என்றார்.

"ஒரு பொட்டு சுண்ணாம்பு உதிரலைங்க சார்" என்றது அந்தம்மா, கண்ணை இமைக்காமல். மனுப் போட்டு வாங்கிய சட்டம் பெரிதில்லை, பொய் சொல்லக் கூடாது என்பதும் பெரிதில்லை. இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்துவிட்டால் எந்தப் பாவமும் அந்தம்மாவைத் தொடாது.

அதற்குப் பிறகு வந்தது பெரிய கூத்து. ஒன்று திறந்திருந்தால் இன்னொன்றும் திறந்திருக்க வேண்டும், ஒன்று சாத்தினால் இன்னொன்றும் சாத்த வேண்டும் என்று அந்தம்மா ஏற்பாடு செய்தது. காலை ஏழுக்குத் திறந்து மாலை ஆறுக்குச் சாத்தலாம் என்று என்னிடம் வந்து சொன்னது. இரைப்பு மணி பார்த்தா வரும்? அவருக்கு இழுத்தால் திறப்பேன், கல் லாரி போகிற நேரம் சாத்துவேன். நான் கதவைத் தள்ளுகிற சத்தம் கேட்டால் போதும், அந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டாம் வீட்டுக்கு ஓடும். "தொறங்க, தொறங்க! ஆறு தொறந்தாச்சு!" ஒரு மத்தியானம் வேண்டுமென்றே நாலு தடவை திறந்து நாலு தடவை சாத்தினேன். நாலு தடவையும் ஓடியது. வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

"வேணான்டி, பாவம்."

"என்ன பாவம்? உடம்புக்கு நல்லது, நடக்கட்டும்."

இரண்டு மாங்காய்ப் பருவம் அவர் அந்தச் சன்னலோரம் இருந்தார். மாங்கூழ் கம்பெனிக்குப் பழம் ஏற்றிப் போகிற வண்டிகளின் வாசனையை வைத்தே எந்த ஜாதிப் பழம் என்று சொல்வார். மூன்றாவது பருவம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு காலையில் போய்விட்டார். காற்று இருந்தது. வாங்கிக்கொள்ள நெஞ்சு இல்லை.

எடுத்துக்கொண்டு போன பிறகு நான் அந்தக் கதவைச் சாத்தினேன். பதினாறு நாளும் அது சாத்தியே கிடக்கட்டும், யாருக்காக இனித் திறப்பது என்று இருந்தது. முதல் வீட்டம்மாவும் துக்கத்துக்கு வந்தது, ஒரு மூலையில் உட்கார்ந்தது, போனது.

நாலாம் நாள் மத்தியானம் இரண்டாம் வீட்டுப் பெண் வந்து வாசலிலேயே நின்றாள். குழந்தைக்குக் கழுத்தும் முதுகும் சிவந்து வேர்க்குரு கொப்பளித்திருந்தது.

"கேக்கறதுக்கே கூச்சமா இருக்கு பெரியம்மா. உங்க வீட்டுச் சன்னல் சாத்தியிருக்கற வரைக்கும் எங்களதையும் தொறக்கக் கூடாதுன்னு முதல் வீட்டம்மா சொல்லிட்டாங்க. துக்கத்துக்கு மரியாதைன்னு நானும் பொறுத்துக்கிட்டேன். புள்ள நாலு நாளாத் தூங்கல."

துக்கத்துக்கு மரியாதையாம். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பெண், அவளுக்கு அப்படித்தான் தோன்றும். அந்தம்மாவை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரின் சாவும் அந்தம்மாவுக்கு ஒரு கதவு சாத்திக் கிடப்பதுதான், அதன் ஜோடிக் கதவும் சாத்த வேண்டும் என்பதுதான். வேறு விதமாக யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

குழந்தை அவள் தோளில் மூச்சிரைக்க அழுதுகொண்டிருந்தது. நான் எழுந்தேன். நாலு நாளாக உட்கார்ந்தே இருந்த கால் மரத்துப் போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்குப் போய், காலிக் கட்டிலைத் தாண்டிக் கையை நீட்டி, இரண்டு கதவையும் தள்ளித் திறந்தேன். வெளிச்சம் கட்டிலின் மேல் விழுந்தது. மூன்று வீடு தாண்டி இன்னொரு சன்னல் திறக்கிற சத்தம் கேட்க அதிக நேரம் ஆகவில்லை.